கூலர் ஊரில் ஒரு சுருட்டுப் பெட்டி

மார்ச் பிறந்ததும் நாச்சாரத்து வீடுகளில் ஒரு இரைச்சல் தொடங்கிவிடுகிறது. பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிய ஏர் கூலர்களின் சத்தம். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெட்டி, மூன்று பக்கமும் மரச்சீவல் அல்லது வெட்டிவேர்த் தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் மின்விசிறி. சென்னையிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு முதல் ஆச்சரியம் இதுதான். அங்கே இதை ஓடவிட்டால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். இங்கே சில்லென்று காற்று வருகிறது. ஹைதராபாத்தின் கோடைக் காற்று அத்தனை தாகத்தோடு இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. ஈரத் தட்டியைக் கண்டால் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வேகத்தில் தானும் குளிர்கிறது.

கூலருக்கு வரமான இந்தத் தாகம், சுருட்டுக்குச் சாபம்.

ஹப்சிகூடா மெட்ரோ நிலையத்தில் இறங்கி மல்லாபூர் பக்கமாகப் போகும் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் நாச்சாரம் வந்துவிடும். தொழிற்பேட்டை, இ.எஸ்.ஐ. மருத்துவமனை, எச்.எம்.டி. நகர் என்று உழைப்பாளிகளின் முகவரிகள் நிறைந்த பகுதி. என்.டி.ராமாராவின் ராமகிருஷ்ணா ஸ்டூடியோவும் ராமா நாயுடு ஸ்டூடியோவும் இங்கே இருந்ததால் சினிமாக்காரர்களுக்கும் பழக்கமான பெயர். இப்போது பட்டறைகளுக்கு இடையே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. சுற்றிலும் கருங்கல் பூமி. வடக்கே மௌலா அலிக் குன்று. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே, கடலிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால். ஏப்ரல், மே பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது இங்கே சகஜம்.

நல்ல சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம். ஆக, வெளிநாடு போய்வந்த மருமகன் பிரியமாகக் கொண்டுவந்து கொடுக்கும் கியூபா சுருட்டு, நாச்சாரத்து மேஜை டிராயரில் ஒரு வாரம் கிடந்தாலே போதும். மேலிலை சருகாகி வெடிக்கும். பற்றவைத்தால் சூடாக, காரமாக எரிந்து தொண்டையைக் கமறவைக்கும். இலையின் எண்ணெய்ப் பசையோடு மணமும் போயிருக்கும். பிறகு ஈரம் ஏற்றினாலும் போன மணம் திரும்பாது.

இதற்காகவே ஏற்பட்டது ஹ்யூமிடார் என்கிற மரப்பெட்டி. ஆனால் பெட்டியை வாங்கியதுமே சுருட்டை உள்ளே அடுக்குகிறவர்தான் முதலில் ஏமாறுகிறார். புதுப் பெட்டியின் மரம் உலர்த்தப்பட்ட மரம். அதற்கும் தாகம் உண்டு. சுருட்டின் ஈரத்தைக் காப்பதற்குப் பதிலாக அதைத்தான் முதலில் குடிக்கும். புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்காமல் குழம்பு வைக்க எந்தத் தமிழ்நாட்டுச் சமையலறையும் சம்மதிக்காது. பெட்டியையும் அப்படித்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே பதிக்கும் பலகை பெரும்பாலும் 'ஸ்பானிஷ் சீடர்'. பெயரில்தான் ஸ்பெயின்; வளர்வது மத்திய, தென் அமெரிக்காவில். தேவதாருவுக்கும் இதற்கும் உறவில்லை. நம் வேப்பமரத்தின் குடும்பம், மகோகனிக்கும் பங்காளி. தென்னாட்டு மலைகளில் வளரும் சந்தன வேம்பு இதன் நெருங்கிய சொந்தம். தேயிலைப் பெட்டிக்கும் சுருட்டுப் பெட்டிக்கும் அதை அறுத்திருக்கிறார்கள். இந்த மரம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். சுலபத்தில் பூசணம் பிடிக்காது. வாசனையும் உண்டு.

பழக்கும் முறையில் வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான். பெட்டிக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீர், அல்லது அதில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு. மரத்தில் படாமல் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. மூடிவிட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நீர் வற்ற வற்ற ஊற்றலாம். அவசரக்காரர்கள் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிடுவது உண்டு. சிலருக்கு அது பலிக்கிறது. சிலருக்குப் பலகை வளைந்து, மூடி சரியாகப் பொருந்தாமல் போகிறது. மூடி பொருந்தாத பெட்டியால் என்ன பிரயோஜனம்?

குழாய்த் தண்ணீர் கூடாது. கருங்கல் பூமியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ஸ்பாஞ்சின் துளைகளையும் அடைத்துவிடும்.

பெட்டிக்குள் எவ்வளவு ஈரம் என்று சொல்ல ஈரமானி இருக்கிறது. ஆனால் அந்த முள்ளை அப்படியே நம்பிவிட முடியாது. புதிதிலேயே பல ஈரமானிகள் பொய் சொல்லும். உண்மையைச் சொல்லவைக்க சமையலறை உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்தால் முள் 75-ல் நிற்க வேண்டும். தண்ணீரில் கரைந்தது போக உப்பு மிஞ்சி நிற்கும்போது, மேலே உள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும் என்பது இயற்கையின் கணக்கு. முள் 70 காட்டினால் அது எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். தூத்துக்குடி உப்பானாலும் குஜராத் உப்பானாலும் கணக்கு மாறாது.

இத்தனையும் செய்தாலும் நாச்சாரத்தில் இன்னொரு எதிரி உண்டு: வெப்பம். புகையிலை வண்டின் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் இலையிலேயே இருக்கக்கூடும். 24 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கத் தொடங்கும். மே மாத அறைக்கு 35 டிகிரி சாதாரணம். ஒருநாள் திறந்து பார்த்தால் சுருட்டில் குண்டூசித் துளைகள், அடியில் தூள். இதனால் விவரம் தெரிந்தவர்கள் புதிதாக வந்த சுருட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் ஃபிரீசரில் வைத்து, பிறகு ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்து, அதன் பின்பே பெட்டியில் அடுக்குகிறார்கள். பெட்டிக்கு இடம், வெயில் படாத உள்சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு. கூலருக்கு எதிரே வைப்பது பெரிய தவறு. கூலர் ஓடும்போது அறை ஈரமாகும், நிறுத்தியதும் காயும். இந்த ஏற்ற இறக்கம்தான் சுருட்டை அதிகம் கெடுக்கிறது.

தமிழர்களுக்கு இதெல்லாம் புதிய பாடமல்ல. சொல்லே நம்முடையது: புகையிலையைப் பக்குவப்படுத்துவதற்குப் 'பாடம் செய்வது' என்றுதான் பெயர். காய்ந்த இலையை வெயிலில் தொட்டால் நொறுங்கும் என்பதால், பனி இறங்கி இலை துவண்டிருக்கும் விடியற்காலையில்தான் விவசாயி அதைக் கையாளுகிறார். ஈரமானி இல்லை, 'பதம்' பார்க்கும் விரல்தான் அளவுகோல். திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையும் உறையூர்க் கைகளும் சேர்ந்து உருவாக்கிய திருச்சிச் சுருட்டு கப்பலேறி லண்டன் வரை போனது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே சாம்பலைப் பார்த்து 'திருச்சினாப்பள்ளி' என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். சர்ச்சிலுக்கும் இது பிடிக்கும் என்று திருச்சிப் பக்கம் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர் விரும்பியது கியூபா சுருட்டு என்பதே நன்கு தெரிந்த விஷயம். ஆனால் ஹைதராபாத்துக்கு அவர் வந்தது நிஜம்: 1896-ல் பெங்களூர் ராணுவ முகாமிலிருந்து வந்து போலோ ஆடி, அவரது படைப்பிரிவு கோல்கொண்டா கோப்பையைத் தட்டிச் சென்றது.

தெலுங்கில் சுருட்டுக்கு 'சுட்டா' என்று பெயர். ஆந்திராவின் வடக்குக் கடலோரக் கிராமங்களில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்கள் உண்டு; அவர்களிடம் மேலண்ணப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். சீடர் பெட்டியில் 68 சதவீத ஈரத்தில் பத்திரமாக இருந்த சுருட்டுக்கும் இதில் சலுகை இல்லை. பெட்டி காப்பது சுருட்டைத்தான், புகைப்பவரை அல்ல.

ஜூன் இரண்டாவது வாரத்தில் மௌலா அலிப் பக்கம் மேகம் திரளும். முதல் நல்ல மழைக்கு மறுநாள் கூலர்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும். தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, தட்டியை மொட்டை மாடியில் காயவைப்பார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் ஈரமானியின் முள் 73-ஐத் தொட்டிருக்கும். இனி கவலை பூசணத்தைப் பற்றி. பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுக்க வேண்டிய நாள் அது.