கடல் கடந்த மடல்: சீலுக்கு முன் மூச்சுக்குழாய்

பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கிம்பர்லி நிலப்பகுதியை ஊடறுத்துச் செல்லும் கிப் ரிவர் சாலை, பண்ணைகளிலிருந்து கால்நடைகளைத் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்வதற்காக 1960-களில் உருவானது. ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளும் இச்சாலையின் பெரும்பகுதி செம்மண்ணும் சரளையுமாகவே கிடப்பதால், வண்டிகள் புழுதியிலும் அலையலையான மேடுபள்ளங்களிலும் மணிக்கணக்கில் அதிர்ந்து ஓடிய சூட்டோடு, ஆற்று நீருக்குள் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. இத்தகைய பாதைகளில் மிகுதியாகக் காணப்படும் டொயோட்டா லேண்ட் குரூசர், ஸ்னோயி மலை நீர்மின் திட்டப் பணிகளுக்காக ஒப்பந்ததாரர் லெஸ்லி தீஸ் 1950-களின் இறுதியில் இறக்குமதி செய்ததன் வழியாக இந்நாட்டில் வேரூன்றிய வண்டியாகும். இதன் 70, 80 வரிசை மாதிரிகளின் முன் அச்சில் ஏற்படும் எண்ணெய்க் கசிவு, காரணத்தை ஆராயாமல் உறுப்பை மட்டும் மாற்றும் பழக்கம் எங்கே பிழைபடுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இவ்வண்டிகளின் முன் அச்சு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புக் கூடாகும். அதன் நடுப்பகுதியிலுள்ள டிஃபரன்ஷியல், அதாவது வளைவுகளில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பற்சக்கரத் தொகுதி, நீர்த்தன்மையுள்ள கியர் ஆயிலில் நனைந்தபடி இயங்குகிறது. அச்சின் இரு முனைகளிலும் நக்கில் எனப்படும் பந்து வடிவ உறை இருக்கிறது. சக்கரம் திரும்பும்போதே சுழற்சியையும் கடத்தும் மூட்டு அதற்குள் அமைந்து, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கரிய, கெட்டியான கிரீஸில் புதைந்திருக்கிறது. நடுவிலிருக்கும் ஆயிலும் முனையிலிருக்கும் கிரீஸும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது, அச்சுத்தண்டைச் சுற்றி இறுகப் பற்றியிருக்கும் உள் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம். அது தேய்ந்தால் ஆயில் நக்கிலுக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும். கரைந்த கருங்குழம்பு, பந்தின் புறத்தைத் துடைக்கும் வெளிச் சீலைத் தாண்டிச் சக்கரத்தின் உட்புறத்தில் வழியும்.

கசிவைக் கண்டறிவதில் முதல் விதி, எண்ணெய் சொட்டும் இடத்தை அது பிறக்கும் இடமாகக் கொள்ளக்கூடாது என்பதாகும். புவியீர்ப்பு எண்ணெயைக் கீழேயும், ஓட்டத்தின் காற்று அதைப் பின்னேயும் இழுத்துச் செல்வதால், எஞ்சினின் மேல்மூடி கேஸ்கெட்டில் தொடங்கும் கசிவு கியர்பாக்ஸின் அடியில் சொட்டுவதுண்டு. ஆகவே அடிப்பகுதி முழுவதையும் கழுவி உலர்த்தி, சிறிது தொலைவு ஓட்டியபின், ஈரம்பட்ட இடங்களுள் மிக உயரமானதும் மிக முன்னே இருப்பதுமான இடத்தைத் தேட வேண்டும். திரவத்தின் இயல்பும் துணைசெய்யும்: கியர் ஆயிலில் கந்தக நெடி இருக்கும், பிரேக் திரவம் பெயின்ட்டை உரிக்கும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால், அது பிரேக் திரவமா அச்சு எண்ணெயா என்பதை உடனே தெளிவுபடுத்துவது உயிர்க்காப்புக்கே இன்றியமையாதது. நக்கிலின் மேலுள்ள திருகு மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே கெட்டியான கிரீஸுக்கு மாறாகக் குழம்பு இருந்தால் உள் சீல் போய்விட்டதென்று உறுதி கொள்ளலாம்.

எனினும், சீல் ஏன் போயிற்று என்ற வினாவை இங்கே எழுப்பியாக வேண்டும். அச்சுக் கூடு சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அதை வெளியேற்றுவதற்காகவே கூட்டின் மேல் பிரீதர் என்னும் சிறு மூச்சுத்துளை வைக்கப்பட்டிருக்கிறது. புழுதியும் சேறும் அதை அடைத்துவிட்டால், அழுத்தம் சீலின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியேற்றும். ஆற்றில் இறங்கும்போது இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது: 80 பாகை செல்சியஸில் இருக்கும் காற்று 25 பாகைக்குக் குளிர்ந்தால் அதன் கனஅளவு சுமார் 15 சதவீதம் சுருங்குமாதலால், உள்ளே உண்டாகும் வெற்றிடம் சீல்களின் வழியே நீரை உறிஞ்சுகிறது. டிஃபரன்ஷியல் எண்ணெய் பால்நிறமாக மாறியிருப்பது நீர் புகுந்ததன் அடையாளம்.

பழுதுபார்க்கும்போது வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பிரேக் காலிப்பர் அதன் குழாயில் தொங்காதவாறு கம்பியால் கட்டிவிட்டு, ஹப்பையும் நக்கிலையும் பிரிக்க வேண்டும். நக்கிலின் மேல், கீழ் பேரிங்குகளுக்கான ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகள் இடம் மாறினால் அச்சுத்தண்டு சீலின் நடுவிலிருந்து விலகி, புதிய சீலும் ஒருபக்கமாகத் தேயும். எனவே அவற்றைத் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும். தண்டில் சீல் படும் இடத்தை நகத்தால் வருடிப் பார்த்துப் பள்ளம் தட்டினால், புதிய சீலைச் சற்றே ஆழம் மாற்றிப் பொருத்தித் தேயாத பரப்பில் உட்காரச் செய்யலாம். பழைய குழம்பு முழுவதையும் துடைத்து, சீலின் விளிம்பில் கிரீஸ் தடவி, தண்டின் பற்கள் அவ்விளிம்பைக் கீறாதபடி தாங்கிச் செருகுவதில்தான் வேலையின் நேர்த்தி இருக்கிறது. பிரீதரின் இடத்தில் நீண்ட ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை எஞ்சின் அறையில் நீர்மட்டம் எட்டாத உயரத்துக்குக் கொண்டுசெல்வது இங்குள்ள ஓட்டுநர்களிடையே பரவலான ஏற்பாடு.

இந்தியாவின் மலைப்பாதைகளிலும் காட்டுத் தடங்களிலும் ஓடும் மாருதி ஜிப்ஸியின் முன் அச்சும் இவ்வகையைச் சேர்ந்ததே. அத்தகைய வண்டியை வைத்திருப்போர், புதிய சீலின் விலையை விசாரிக்கும் முன் பிரீதர் திறந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அது அடைபட்டிருக்கும்வரை எத்தனை சீல்களை மாற்றினாலும் கசிவு நிற்காது.