கடைசிக் கோப்பை

சென்ற ஆண்டு என் உம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. சில நாள்கள் அடுப்பருகே போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவி பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றிருந்தாள். எனவே, ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் தேநீர் தயாரிக்கும் பொறுப்பு 35 வயதில் முதன்முறையாக என் கைக்கு வந்தது.

தேநீர் போடுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று எண்ணினேன். தண்ணீர், பால், தூள், சர்க்கரை நான்கையும் ஒன்றாகக் கொட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்த மௌனமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் முதல் உம்மா படுக்கையில் இருந்தபடியே பாடம் நடத்தினார். அன்று பிடித்துவைத்த தண்ணீரையே எடுக்க வேண்டும். ஏற்கெனவே காய்ச்சி ஆறியது வேண்டாம். கோப்பைக்கு ஒரு சிறு தேக்கரண்டி தூள், அதாவது சுமார் 2 கிராம். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தூளைப் போட வேண்டும். போட்டதும் தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும். அதற்கு மேல் கொதித்தால் துவர்ப்பு முழுவதும் இறங்கிச் சுவையைக் கெடுத்துவிடும். பாலைத் தனியே காய்ச்சிச் சேர்க்க வேண்டும். சர்க்கரை கடைசியில், அவரவர் கோப்பையில்.

தூள் வாங்கவும் அவரே சொல்லிக் கொடுத்தார். மணம் வேண்டுமென்றால் நீலகிரித் தேயிலை, நிறமும் திடமும் வேண்டுமென்றால் அசாம் தேயிலை. இரண்டையும் கலந்தும் வாங்கலாம். பொடித்தூள் விரைவில் இறங்கும். குருணைக்குச் சற்று நேரம் தர வேண்டும். உதிரியாக வாங்கினால், நனைத்த வெள்ளைத் தாளில் சிறிது தூவிப் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றிய தூள் என்றால் உடனே கறை பரவிவிடும். ஒரே நேரத்தில் 250 கிராமுக்கு மேல் வாங்கக் கூடாது. மூடி இறுக்கமான டப்பாவில், மசாலாப் பொருள்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

நான்காம் நாள் தேநீர் நன்றாகவே வந்தது. மகிழ்ச்சியோடு வடிகட்டியைக் குப்பைக்கூடையின் மேல் கவிழ்க்கப் போனபோது உள்ளிருந்து குரல் வந்தது. "சக்கையைக் கொட்டிடாதேப்பா. அதிலேயே கொஞ்சம் தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சா எனக்குப் போதும்."

"ஏன் உம்மா?"

"எனக்கு அதுதான் பழக்கம். எல்லாருக்கும் கொடுக்கிறவங்க கடைசியாக் குடிக்கிறதுதானே சுன்னத்."

நான் வடிகட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். இத்தனை ஆண்டுகள் எங்களுக்குப் புதுத்தூளில் தேநீர் தந்துவிட்டு, அவர் குடித்தது இரண்டாம் கொதி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருநாள்கூட அவருடைய கோப்பைக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை.

உம்மா சொன்ன சுன்னத் உண்மைதான். பிறருக்கு நீர் புகட்டுபவர் இறுதியில் அருந்த வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஆனால் இன்னொரு நிகழ்ச்சியும் ஹதீஸில் இருக்கிறது. ஒரு கிண்ணம் பாலைத் திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் கொடுக்கும்படி, பசியால் வாடிக்கொண்டிருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களிடமே நபியவர்கள் ஒப்படைத்தார்கள். எல்லாரும் அருந்திய பின் அவரை உட்காரவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். இனி வயிற்றில் இடமில்லை என்று அவர் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் குடிக்கச் சொன்னார்கள். அதன் பிறகே, அல்லாஹ்வைப் புகழ்ந்து, எஞ்சியதைத் தாம் அருந்தினார்கள்.

பரிமாறுபவர் பொறுத்திருப்பது அவருடைய பண்பு. அவர் வயிறு நிறைந்ததா என்று பார்ப்பது மற்றவர்களின் கடமை. முதல் பாதியை நம் வீட்டுப் பெண்கள் குறைவின்றி நிறைவேற்றிவிட்டார்கள். இரண்டாம் பாதியை நான் படித்திருந்தும் கடைப்பிடிக்கவில்லை. கடைசியில் குடிப்பதுதான் சுன்னத். மிச்சத்தைக் குடிப்பது அல்லவே!

அன்று சக்கையைக் கொட்டிவிட்டு, புதுத்தூளில் ஒரு கோப்பை போட்டுக் கொண்டுபோனேன். "எதுக்குப்பா வீண் விரயம்?" என்று கடிந்துகொண்டார். ஒரு வாய் அருந்தினார். பிறகு, "ரொம்ப மணமா இருக்கு, புதுக் கடையில வாங்கினியா?" என்று கேட்டார். எப்போதும் வாங்கும் அதே கடை, அதே தூள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உம்மாவின் கண் நலமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் காலைத் தேநீர் இன்றுவரை என் பொறுப்பிலேயே இருக்கிறது. ஒரு கோப்பைத் தூள் கூடுதலாகப் போடுகிறேன். உம்மாவும் எங்களோடு அமர்ந்து குடிக்கிறார். கடைசிக் கோப்பை என்னுடையது. வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவிய நபியவர்களின் வாழ்வைப் பயானில் கேட்டுத் தலையசைக்கும் நாம், நாளைக் காலை நம் வீட்டில் தேநீர் கொண்டுவருபவரின் கோப்பையையும் ஒருமுறை பார்ப்போமா? அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.