மறுபடி பாட முடியுமா?

கணினியில் ஒலியைத் திருத்தும் ப்ளகின்களில் ஒன்றான மல்டிபேண்ட் கம்ப்ரெஸரைத் திறந்தால் திரை முழுக்கக் குமிழ்கள். ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் த்ரெஷோல்டு, ரேஷியோ, அட்டாக், ரிலீஸ், கெய்ன் என்று ஐந்து. பட்டைகளின் எல்லைகளை நகர்த்த இன்னும் மூன்று. ஆக 23. வீட்டு அறையில் ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிகிறவர்கள் இத்தனையையும் படித்தாக வேண்டுமா? இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்காமல் விடாத கேள்வி இது. நானும் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

ப்ளகின்கள் தரும் வசதி பெரிதுதான். 1957-ல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் கொண்டுவந்த, எதிரொலி சேர்க்கும் 140 என்ற ரிவெர்ப் கருவிக்குள் தொங்கியது ஒரு பெரிய எஃகுத் தகடு. பெட்டியோடு சேர்த்து எடை ஏறக்குறைய 270 கிலோ. 1996-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ப்ளகின்களுக்கான விஎஸ்டி முறையை வெளியிட்ட பிறகு, அப்படிப்பட்ட கருவிகளின் நாதமெல்லாம் ஒவ்வொன்றாக ப்ளகின் வடிவில் நம் மேசைக்கு வந்து சேர்ந்தது. இதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டூடியோவில் அந்தக் கருவிகளுக்கு முன்பாகவே இருந்த அமைதியான அறையும், தேர்ந்த காதும், மைக்கை எங்கே வைப்பது என்று தெரிந்த கையும் ப்ளகினோடு சேர்ந்து வருவதில்லை.

அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் தான் குடியிருந்த வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து பாடினார். கேசட்டில் நான்கு ட்ராக் பதியும் போர்ட்டாஸ்டூடியோ, இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக், எதிரொலிக்கு ஒரு எக்கோப்ளெக்ஸ். இசைக்குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு அது. பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் அதே பாடல்களைப் பதிந்து பார்த்தார்கள். கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. மலிவான கருவியே போதும் என்பதற்கு இதைச் சான்று காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது, அவர் பாடி முடித்தபோதே பாட்டு முடிந்துவிட்டது என்பதுதான். எஃபெக்ட்டுக்கு மிச்சமிருந்த வேலை கொஞ்சம்.

நம் வீடுகளில் மிச்சமிருக்கும் வேலை பெரும்பாலும் அறையில் இருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி, மொசைக் தரை, வெற்றுச் சுவர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மூன்று மீட்டர் என்றால், 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த அறை தானாகவே முழங்கும். அதன் இரட்டிப்பான 114-லும் முழங்கும். ஆண்குரலின் கீழ் ஸ்வரங்கள் உலவும் இடம் அது. ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் திடீரென்று வீங்கிக் கேட்டால், அது பாடகரின் குறையாக இருக்க வேண்டியதில்லை. சுவர்களின் வேலையாக இருக்கலாம். டைனமிக் ஈக்யூ என்ற ப்ளகினைப் போட்டு அந்த வீக்கத்தைத் துரத்தலாம். மைக்கை இரண்டடி தள்ளி வைத்தும் பார்க்கலாம். பல சமயம் அதுவே போதும். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் அடங்கும். இல்லாத எதிரொலியைப் பிறகு சேர்ப்பது எளிது. குரலோடு ஒட்டிக்கொண்டுவிட்ட எதிரொலியைப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

என் அக்கா பாடுவாள், நான் பதிவுசெய்வேன். ஒருமுறை அவள் பாடியதில் 'ஸ' வருகிற இடமெல்லாம் சீறியது. இதற்கென்றே டி-எஸ்ஸர் என்ற ப்ளகின் உண்டு. எந்த அலைவரிசையில் சீறுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்தவள், "ஏன்டா இவ்வளவு கஷ்டப்படறே? நான் வேணா மறுபடி பாடிடட்டுமா?" என்றாள். மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். பாடினாள். சீறல் அடங்கியிருந்தது. அதைவிட, இந்த முறை சரணத்தில் அவள் இன்னும் நிதானமாக நின்று பாடியிருந்தாள். அந்த நிதானம் எந்த ப்ளகினிலிருந்தும் வராது. அன்றிலிருந்து அவள் கேட்டதுதான் என் அளவுகோல். மறுபடி பாட முடியுமென்றால், மறுபடி பாடுவதே நல்லது.

சுருதி திருத்தும் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். 1997-ல் வந்த ஆட்டோ-ட்யூனும் அதன் வழியில் வந்தவையும், பிசகிய ஸ்வரத்தை அருகிலிருக்கும் சரியான இடத்துக்கு இழுத்து நிறுத்துகின்றன. தோடியின் காந்தாரமோ நின்றால் கெட்டுப்போகும். அசைவுதான் அதன் உருவம். கமகத்தைக் கெடுக்காமல் திருத்த வேண்டுமானால் ஒவ்வொரு அசைவாகக் கையால் வரைய வேண்டும். அந்த வரியை மறுபடி பாட அரை நிமிடம் போதும்.

காதையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். ஒலி சற்றுக் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். சத்தம் கூடும்போது தாழ்ந்த ஒலிகள் நமக்கு இன்னும் நிறைவாகக் கேட்கின்றன என்பது, பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-ல் வெளியிட்ட அளவீடுகளிலேயே தெரிகிறது. பல ப்ளகின்கள் போட்ட மாத்திரத்தில் ஒன்றிரண்டு டெசிபல் கூட்டிவிடும். போட்டதையும் போடாததையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். வித்தியாசம் தெரியவில்லையென்றால் எடுத்துவிடலாம்.

ஆனால் மறுபடி பாட முடியாத குரல்கள் உண்டு. ஜான் லென்னான் 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் தன் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிக் கேசட்டில் பதிந்துவைத்த பாடல் 'நவ் அண்ட் தென்'. 1980-ல் அவர் கொல்லப்பட்டார். 1995-ல் பீட்டில்ஸின் மற்ற மூவரும் அதை முழுமையாக்க முயன்று கைவிட்டார்கள். பியானோவிலிருந்து குரலைப் பிரிக்க வழியில்லை; இரைச்சல் வேறு. இயந்திரக் கற்றலால் ஒலிகளைப் பிரிக்கும் நுட்பத்தை 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காகப் பீட்டர் ஜாக்ஸனின் குழு உருவாக்கியது. பின்னாளில் அந்த நுட்பமே லென்னானின் குரலைத் தனியே எடுத்துத் தந்தது. 2023 நவம்பரில் பாடல் வெளிவந்தது. ஸ்பிரிங்ஸ்டீனுடையதைப் போல இதுவும் வீட்டில் பதிந்த கேசட்தான். ஆனால் இங்கே எத்தனை சிக்கலான நுட்பமும் தகும். பாட அவர் இல்லை.

நம் வீட்டுப் பரண்களிலும் இப்படிப்பட்ட கேசட்டுகள் இருக்கின்றன. நவராத்திரியில் பாட்டி பாடியது, கோயில் கச்சேரியில் யாரோ டூ-இன்-ஒன்னை மடியில் வைத்துப் பதிந்தது. மிருதங்கத்தின் தொப்பி முழங்கிக் குரலை அமுக்குகிறதென்றால், அந்தத் தாழ்ந்த பட்டையை மட்டும் அடக்க மல்டிபேண்ட் கம்ப்ரெஸரைத்தான் கற்க வேண்டும். இரைச்சல் நீக்கும் ப்ளகினும் வேண்டும். அதில் ஒரு எச்சரிக்கை: மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதையே அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது, தம்பூராவும் தொடர்ந்து ஒலிப்பதுதான். அதிகமாக இழுத்தால் இரைச்சலோடு சுருதியும் கரையும். குரல் தெளியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மீதி இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்கும் முன்னால் ப்ளேயரின் ஹெட்டைத் துடைத்து, உயர்ந்த ஒலிகள் தெளிவாகக் கேட்கும்வரை ஹெட்டின் சாய்வைச் சரிசெய்து, எந்த எஃபெக்ட்டும் படாத ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். நாடா நலிந்துகொண்டிருக்கிறது, அதை ஓட்டும் கருவிகளும் குறைந்து வருகின்றன. பாட்டி பாடியது இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்பதற்காக ஒரு ப்ளகினை மாதக்கணக்கில் படிக்க நேர்ந்தால், அந்தக் காலம் வீண் அல்ல.