பிரேக் ஆயிலும் நம்ம ஊர் ஈரக்காற்றும்

மார்கழியில் ஊட்டிக்குக் கார் எடுத்துப் போகிறாராம் திருவொற்றியூர் தம்பி ஒருவர். குளிரில் பிரேக் ஆயில் உறைந்துவிடுமா என்று கேட்டார். உறையாது தம்பி. டாட் 3, டாட் 4 ஆயில்கள் மைனஸ் 40 டிகிரியிலும் ஓட வேண்டும் என்பது தரவிதி. லடாக் குளிரில் கொஞ்சம் தடிக்கும், பெடல் மந்தமாகத் தெரியும். ஊட்டிக் குளிரெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை.

எனக்குப் பயம் நம்ம ஊர்க் காற்றில்தான். இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நிற்கும் வண்டிகளுக்கு வருஷம் முழுக்க ஈரக்காற்று. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். புது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி சூடு வேண்டும். நூற்றுக்கு நாலு பங்கு அளவில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியே போதும்.

ஊட்டியிலிருந்து இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் காயும், ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் இது நடக்கும்.

ஆயில் மாற்றி ரெண்டு வருஷம் ஆகியிருந்தால் மெக்கானிக்கிடம் பழைய ஆயிலை முழுக்க இறக்கச் சொல்லுங்கள். சீல் உடைக்காத புது டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்கட்டும். மலை இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள்.