ஒன்பதுக்கு நாற்பத்தொன்று

மொரிஸ் மைனரின் டிஃபரன்ஷியலைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. ஒயிலை வடித்து, இரண்டு எக்ஸல் ஷாஃப்டையும் இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, சுற்று நட்டுகளைத் தளர்த்தினால் முன்பக்கமாகக் கையில் வந்து இறங்கிவிடும். தொழில் பழக வரும் தம்பிமார் அரை நாளில் கழற்றிவிடுகிறார்கள். திருப்பிப் பூட்டிய டிஃப் சத்தம் போடாமல் ஓட எனக்கு ஏழெட்டு வருசம் பிடித்தது.

மாத்தளையிலிருந்து எங்கள் பல்லேகமைக்கு வரும் பாதை ரத்தோட்டையைத் தாண்டினால் ரிவர்ஸ்டன் வரை ஏற்றம். பிறகு பிட்டவல, இலுக்கும்புர என்று இறக்கம். ஏறும்போது டிஃபின் பல்சக்கரத்தில் பல்லின் ஒரு முகம் சுமக்கும். இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டதும் மறு முகம் சுமக்கும். கராஜில் செய்த கள்ள வேலையை இந்தப் பாதை ஒரே ஓட்டத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஓர் ஆசிரியருடைய ஸ்ரீ நம்பர் கார். டிஃபின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் இரண்டு பல் உடைந்திருந்தது. என்னிடம் கிடந்த இன்னொரு டிஃபில் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம், பினியன்தான் போயிருந்தது, கிரவுன் வீல் நல்லது. இரண்டிலும் எண்ணிப் பார்த்தேன்: பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 41. நல்லதையும் நல்லதையும் சேர்த்துப் பூட்டினேன். சேருக்குக் காசு மிச்சம், எனக்குப் பெயர் என்று கணக்கு. ஏற்றத்தில் சின்ன முனகல்தான். இறக்கத்தில் காலை எடுத்த உடனே நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம். “பாஸ், பின் சீட்டில யாரோ அழுறாங்க” என்றார் சேர்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த பாஸ் அப்போது மாத்தளையில் இருந்தார். டிஃபைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். அவர் என்னோடு பேசவில்லை. மண்ணெண்ணெயில் கழுவினார், துணியால் துடைத்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பினியன் முகத்தில் ஊசியால் கீறியது போல ஒரு நம்பர். கிரவுன் வீலில் வேறு நம்பர். “பல்லை எண்ணினியே, இதைப் படிச்சியா?” என்றார். அவ்வளவுதான் ஏச்சு.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் பிறக்கின்றன. தொழிற்சாலையிலேயே பசை போட்டு ஒன்றோடு ஒன்றைத் தேய்த்து, இரண்டிலும் ஒரே நம்பரைப் பொறித்து அனுப்புகிறார்கள். பிறகு பல வருசம் சேர்ந்து தேய்கின்றன. ஒன்றின் தேய்மானத்துக்கு மற்றது மட்டும்தான் பொருந்தும். வேறு பினியனைக் கொண்டுவந்தால் இடையில் வைக்கும் எந்த ஷிம் தகட்டாலும் சமாதானம் செய்துவைக்க முடியாது. பல் எண்ணிக்கை சரி என்பது ஊர் ஒன்று என்பது மாதிரி. அதை வைத்துக் கல்யாணம் பேச முடியுமா?

நம்பர் ஒத்துப்போனாலும் வேலை அங்கே முடியாது. பல்லுக்கு நீல மை மெல்லிசாகப் பூசி, கிரவுன் வீலைக் கையால் கொஞ்சம் பிடித்து இறுக்கம் கொடுத்துப் பினியனைச் சுற்று. தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிப்பள்ளத்தில் விழுந்தால் பினியன் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. ஷிம்மை மாற்றி மறுபடி பூட்டு, மறுபடி பார். நான் அன்று முன்னோட்ட முகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். மறு முகத்தையும் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விடும் தளர்வை, பேக்லாஷை, பார்க்க டயல் கேஜ் வேண்டும். அது இல்லாத காலத்தில் பாஸ் ஈயக் கம்பியைப் பல்லுக்கிடையில் கொடுத்து நசுக்கி, தட்டையானதை மைக்ரோமீட்டரில் அளப்பார். ஓர் இடத்தில் அளந்து விடமாட்டார், சுற்றி நாலு இடம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்தாறு பாகம் வரும்வரை டீ கூடக் குடிக்கமாட்டார். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்த நாட்களும் உண்டு.

சேருடைய காருக்கு அடுத்த முறை நல்ல ஜோடிதான் தேடிப் போட்டேன். அதிலும் ஒரு பிழை. 948 சிசி எஞ்சினுக்கு வந்தது 9க்கு 41. 1962இல் வந்த 1098 எஞ்சினுக்கு 9க்கு 38. எனக்குக் கிடைத்தது இரண்டாவது. நம்பர் ஒத்த சந்தோசத்தில் பல்லை எண்ண மறந்தேன்! கார் பூனை போல ஓடியது. ஆனால் ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் இழுவை இல்லை, மீட்டர் 40 மைல் காட்டும்போது ஓட்டம் 43. சேர் மூன்றாவது முறையும் காரை என்னிடமே விட்டார். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

பழைய பல்லேகம களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போனபோது என் கராஜ் இருந்த இடமும் போனது. புதிய நகரத்துப் பக்கம் வரும்போது நான் முதலில் ஏற்றியது ஜோடி ஜோடியாகக் கம்பியால் கட்டிவைத்திருந்த கிரவுன் பினியன்களைத்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களுக்கு மறுபடி மவுசு வந்தது, அந்த ஜோடிகளுக்கும் வேலை வந்தது.

போன மாதம் நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில், புதிதாகச் சேர்ந்த தம்பி கராஜை அழகாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். கம்பியை எல்லாம் வெட்டி, கிரவுன் வீல்கள் மேல் தட்டில், பினியன்கள் கீழ்த் தட்டில். அவனையும் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியோடு இரண்டு சாயங்காலம் நம்பர் படித்தோம். ஒரு பினியனின் நம்பர் மட்டும் துருவில் போய்விட்டது. அது இப்போது வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.