வெட்டுக்காயப் பூண்டு

எம் கல்லூரி விளையாட்டு வெளியின் ஓரத்தும் கிணற்றங்கரையிலும் எஞ்ஞான்றும் பூத்து நிற்கும் சிறு பூண்டொன்று உண்டு. தரையோடு படர்ந்த தண்டு, மயிரடர்ந்த இலை, ஒரு சாண் உயர்ந்த மெல்லிய காம்பு, அதன் நுனியில் மஞ்சள் நடுவும் வெளிறிய இதழ்ச் சுற்றும் உடைய பூ. ஒரு பூ என நாம் கருதும் அது, உண்மையிற் பல நுண்பூக்களின் திரளாம்.

அதற்குப் பெயர்கள் பல. சுவீடன் நாட்டு லின்னேயர் 1753-ஆம் ஆண்டில் 'ட்ரைடாக்ஸ் புரோகம்பென்ஸ்' என்று பெயரிட்டார். பின்மொழிக்குத் தரையிற் சாய்ந்து படர்வது என்பது பொருள். ஆங்கிலேயர் கோட்டுப் பொத்தான் என்றனர். தமிழிலோ மூக்குத்திப் பூ என்பாரும் உளர்; பூவின் தலையைக் கட்டைவிரலாற் சுண்டி விளையாடும் சிறார் தாத்தாப் பூ என்பர். இவை கண்ணும் விளையாட்டும் தந்த பெயர்கள். வெட்டுக்காயப் பூண்டு என்பதோ புண்பட்ட கை தந்த பெயர்.

எம் பாட்டியார் எழுத்தறியாதவர். கதிரறுக்குங் கூலிவேலை செய்தவர். அரிவாள் விரலைக் கிழித்த போதெல்லாம் இவ்விலையைக் கசக்கிச் சாறு பிழிந்து கட்டிக்கொண்டு மீண்டும் வரப்பில் இறங்குவார். அச்சாறு காயம் ஆறுதற்கு உதவுமென, எலிகளிடத்துச் செய்த ஆய்வுகள் சில பிற்காலத்திற் கூறியுள்ளன. பாட்டியார் சென்ற ஆண்டு காலமானார். இப்பெயரை யாம் கற்றது அவர் வாயினின்றே.

இப்பூண்டின் தாயகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகள். ஆதலின் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் இதற்கு இடமிருத்தல் இயலாது. கடல் கடந்து வந்த இவ்வேதிலிக்குப் பழம்புலவர் வைத்த பெயர் இல்லை. குருதி வடியும் விரலோடு வயலில் நின்றாரே, நன்னூலார் கூறும் காரணப்பெயருக்கு ஏற்ற சான்றாக இச்சொல்லை ஆக்கினர். சொல்லாக்கம் நூலகத்தே மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எம் ஆனர்ஸ் வகுப்பில் இதனைக் காட்டி வினவியபோது, 14 பேருள் மூவரே பெயர் கூறினர். ஏனையோர் 'களை' என்றனர். மருந்துக்கடை அருகிருக்க இலையை நாடாமை குறையன்று. ஆயினும் இலையோடு பெயரும் மாயுமாயின், அதனை ஆக்கிய கைகளின் அறிவுக்கு வேறு கல்வெட்டு இல்லை. அன்பர்காள், வழியிற் கண்டால் ஒருகாற் குனிந்து நோக்குமின். அதன் பெயரை உடன்வரும் சிறார்க்குச் சொல்லுமின்.