'டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க!'

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பள்ளி. மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்றாள். கையில் கசங்கிய நோட்டுத் தாள். "டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க..."

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'சாயங்காலம் குடமுருட்டிக் கரைக்கு வா. உன்னை என்ன பண்றேன்னு பாரு.'

சில வருஷங்களுக்கு முன்பு இப்படி ஒரு பையன் வந்து சொன்னபோது, "கோள் சொல்லாதே, போய் உட்காரு" என்று விரட்டியவர்தான் அந்த ஆசிரியை. மறுநாள் இன்னொரு மாணவன் மண்டையில் தையலோடு வந்தான். அதன்பிறகு அந்த வகுப்பில் யாரும் அவரிடம் எதையும் சொன்னதில்லை.

இந்த முறை, எழுதிய பையனைத் தனியாக உட்காரவைத்தார். பிரம்பு இல்லை, டி.சி மிரட்டல் இல்லை. "என்னப்பா நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிஷத்தில் அவன் உடைந்து அழுதான். இறந்துபோன அப்பாவைச் சொல்லி மூன்று வாரமாகக் கிண்டலாம். கையில் ஏதும் வைத்திருக்கிறானா, கூட யாராவது வருகிறார்களா என்றும் விசாரித்தார். இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, இரண்டு வீட்டாரும் வந்து அழைத்துப்போகும் வரை பிள்ளைகளை வெளியே விடவில்லை.

கோபத்தில் கொட்டிய வார்த்தையா, நிஜமான திட்டமா? இதைப் பிரித்தறியத்தான் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் பள்ளிக்குப் பள்ளி குழு வேண்டுமென்று 2013-ல் சட்டமே வந்தது. அந்நாட்டில் நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-ல் வெளியான அறிக்கையின்படி, பெரும்பாலானவற்றில் வேறு யாரோ ஒருவருக்காவது விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

நம் ஊரில் நாங்குநேரியை மறக்க முடியுமா? 2023 ஆகஸ்ட்டில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பிளஸ் டூ மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் தப்பவில்லை. புகாரைக் கேட்டால் மட்டும் போதாது, சொன்ன பிள்ளையைக் காப்பாற்றவும் வேண்டும் என்பதே அதன் பாடம். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது.

தாள் கொடுத்தது யார் என்று அந்தப் பையன் இரண்டு முறை கேட்டான். ஆசிரியை கடைசிவரை சொல்லவில்லை. அடுத்த வாரம், அதே வாசலில் வேறொரு மாணவன் தயங்கி நின்றான்.

உங்கள் பிள்ளையும் ஏதாவது சொல்ல வந்தால், கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். உதவி தேவையென்றால் 14417, 1098 எண்களில் அழைக்கலாம்.